ஆகாய விமானத்தின் முதல் மெக்கானிக்

1955-ம் வருஷம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்துப் பொது ஆஸ்பத்திரி. ஏழைகளுக்கென்று ஒதுக்கிய இலவச வார்டில் 87 வயதுக் கிழவர் ஒருவர் படுத்துக் கிடந்தார். மனைவி காலமாகி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கையில் காசு இல்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு அவர் ஒரு நோயாளி; அவ்வளவுதான்.

அந்த நகரைச் சுற்றி ஆகாய விமானத் தொழிற்சாலைகள் பல இருந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வேலை பார்த்து வந்தார்கள். விமானம் கட்டியவர்களும், பழுது பார்த்தவர்களும், அதில் ஏறிப் பறந்தவர்களும், தங்கள் தொழில் பிறந்தபோது அருகில் இருந்த மனிதர் அந்த இலவச வார்டில் கிடப்பதை அறியவில்லை.

அந்தக் கிழவர்தான் சார்லஸ் எட்வர்ட் டெய்லர். ரைட் சகோதரர்களின் முதல் விமானத்துக்கு எஞ்சின் செய்து கொடுத்தவர். உலகத்தின் முதல் ஆகாய விமான மெக்கானிக்.

இன்று ஒரு பெரிய விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்திருக்க எத்தனையோ குழுக்கள் வேண்டும். எஞ்சினுக்கு ஒரு குழு, உடலுக்கு ஒரு குழு, மின்சாரக் கருவிகளுக்கு ஒரு குழு என்று வேலை பிரிந்து கிடக்கிறது. ஆதியில் அந்த வேலையில் பெரும்பகுதி சார்லி டெய்லரின் இரண்டு கைகளில் இருந்தது.

எடுபிடிப் பையன்

1868-ம் வருஷம் மே மாதம் 24-ந்தேதி, இல்லினாய்ஸ் மாநிலத்தில் செர்ரோ கோர்டோ என்ற ஊரில் சார்லி பிறந்தார். பிறகு குடும்பம் நெப்ராஸ்கா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் நின்றது. லிங்கன் நகரத்தில் ஒரு பத்திரிகை ஆபீசில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார்.

யந்திரம் என்றால் அவருக்கு உயிர். ஓடும் சக்கரத்தைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவார். வளர்ந்ததும் உலோக வேலை கற்றுக்கொண்டார். வீட்டுக் கதவுகளில் மாட்டும் உலோக எண்களைச் செய்து விற்றார். 1894-ல் ஹென்ரியெட்டா வெப்பர்ட் என்ற பெண்ணை மணந்தார்.

இந்தக் கலியாணம்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. ஹென்ரியெட்டாவின் சிற்றப்பா ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் கட்டடச் சொந்தக்காரர். அவருடைய கட்டடம் ஒன்றில் இரண்டு வாலிபர்கள் வாடகைக்கு இருந்து சைக்கிள் கடை நடத்தினார்கள். வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்பவர்களே அவர்கள்.

சார்லி டேட்டனுக்குக் குடியேறினார். சகோதரர்களுக்காகச் சில்லறை உலோக வேலைகளைச் செய்து கொடுத்தார். வேலையின் நேர்த்தி அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. மணிக்கு 25 சென்ட் சம்பளத்தில் வேறிடத்தில் இருந்தவரை 30 சென்ட் தருகிறோம் என்று அழைத்தார்கள். 1901 ஜூன் மாதம் சார்லி அவர்களிடம் சேர்ந்தார். வாரத்துக்கு 18 டாலர்.

கடையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

சகோதரர்கள் அவரை வேலைக்கு வைத்தது விமானம் செய்வதற்கு அல்ல. கிட்டி ஹாக் என்ற கடற்கரை மணலில் இறக்கை கட்டிப் பறந்து பார்க்க அவர்கள் போய்விட்டால், சைக்கிள் கடையைக் கவனிக்க ஒருவர் வேண்டியிருந்தது. பறப்பவர் ஒருவர், பட்டறையைக் காப்பவர் இன்னொருவர். ஆகாய விமானத் தொழிலில் முதல் வேலைப் பிரிவினை இப்படி ஆரம்பித்தது.

சார்லிக்கு ஓயாமல் சுருட்டுப் பிடிக்கும் பழக்கம் உண்டு. சகோதரர்களின் தங்கை காதரீனுக்கு அது ஆகாது. அண்ணன்மார் ஊரில் இல்லாதபோது கடை நிர்வாகத்தில் இருவருக்கும் உரசல் வரும். ஆனாலும் சார்லியை விட்டுவிடச் சகோதரர்கள் நினைக்கவில்லை. அவருடைய கை அவர்களுக்கு வேண்டியிருந்தது.

ஆறு வாரத்தில் எஞ்சின்

1902 முடியும் சமயம். எஞ்சின் இல்லாமல் காற்றில் சறுக்கிப் பறக்கும் வித்தை கைவந்துவிட்டது. இனி எஞ்சின் வேண்டும். குறைந்தது 8 குதிரைசக்தி. எடை 200 பவுண்டுக்குள். மோட்டார் கம்பெனிகள் பலவற்றுக்குக் கடிதம் எழுதினார்கள். செய்து தர ஒருவரும் முன்வரவில்லை.

சார்லிக்கு இருந்த பெட்ரோல் எஞ்சின் அனுபவம் எவ்வளவு? ஒரு மோட்டார் காரின் எஞ்சினை ஒரு முறை பழுது பார்க்க முயன்றிருந்தார், அவ்வளவே. இருந்தும் வேலை அவர் தலையில் விழுந்தது.

முறையான வரைபடம் கிடையாது. மூவரும் பேசுவார்கள், யாராவது ஒருவர் துண்டுக் காகிதத்தில் ஒரு பாகத்தைக் கிறுக்குவார். அந்தக் காகிதத்தை வேலை மேசைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு சார்லி உலோகத்தை வெட்ட ஆரம்பிப்பார். பட்டறையில் இருந்தவை ஒரு கடைசல் யந்திரமும் ஒரு துளை போடும் யந்திரமுமே.

எஞ்சினின் முதுகெலும்பு போன்றது கிராங்க் ஷாப்ட்டு. அதைச் சார்லி ஒரே எஃகுப் பாளத்திலிருந்து எடுத்தார். பாளத்தின் மேல் உருவத்தைக் கோடிட்டார். கோட்டை ஒட்டி வரிசையாகத் துளை போட்டார். உளியும் சுத்தியலும் கொண்டு வேண்டாத எஃகைத் தட்டி எடுத்தார். பிறகு கடைசல் யந்திரத்தில் ஏற்றி உருட்டினார். நூறு பவுண்டு இரும்பு 19 பவுண்டு கிராங்க் ஷாப்ட்டு ஆயிற்று.

ஆறு வாரத்தில் எஞ்சின் தயார். நான்கு சிலிண்டர். கூடு அலுமினிய வார்ப்படம். 1903 பிப்ரவரியில் அதை ஓட்டிப் பார்த்தார்கள். மறுநாளே பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டு அலுமினியக் கூடு உடைந்தது. சார்லி சளைக்கவில்லை. புது வார்ப்படம் ஏப்ரலில் வந்தது. மே மாதம் எஞ்சின் மறுபடி ஓடியது. கேட்டது 8 குதிரைசக்தி. கிடைத்தது சுமார் 12.

அந்தச் சிறு கடையில் இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. இறக்கைக்கு வேண்டிய மரவேலையையும் துணி வேலையையும் சகோதரர்கள் பார்த்துக்கொண்டார்கள். எஞ்சினையும் உலோக உறுப்புகளையும் சார்லி பார்த்துக்கொண்டார். விமானத்தின் உடல் ஒரு வேலை, எஞ்சின் வேறொரு வேலை. உலகமெங்கும் விமானப் பராமரிப்பில் பின்னால் ஏற்பட்ட பெரும் பிரிவு அன்றே அங்கே முளை விட்டிருந்தது.

முறிந்த தண்டு

1903 நவம்பர். கிட்டி ஹாக்கில் எஞ்சினை ஓட்டிச் சோதித்தபோது விசிறிகளைச் சுழற்றும் தண்டுகள் பழுதாயின. உடனே டேட்டனுக்கு அனுப்பப்பட்டன. கடையில் இருந்த சார்லி அவற்றைச் செப்பனிட்டுத் திருப்பி அனுப்பினார். பற்சக்கரங்கள் தளர்ந்தபோது, சைக்கிள் டயர் ஒட்டும் பசையை ஊற்றிச் சகோதரர்கள் இறுக்கினார்கள். மீண்டும் ஒரு தண்டு விரிசல் கண்டது. ஆர்வில் ரயில் ஏறி டேட்டனுக்கு ஓடினார். குழாய்த் தண்டுகளை விட்டுவிட்டு, உறுதியான எஃகுத் தண்டுகள் செய்து எடுத்துக்கொண்டு டிசம்பர் 11-ந்தேதி திரும்பினார்.

டிசம்பர் 17-ந்தேதி விமானம் எழும்பியது. முதல் முறை 12 விநாடி, 120 அடி. அன்றைய நான்காவது முறை 59 விநாடி, 852 அடி. மனிதன் பறந்துவிட்டான்!

அந்தக் காட்சியைச் சார்லி பார்க்கவில்லை. அவர் டேட்டனில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புல்வெளியில் ஒரு காவலாள்

அடுத்த இரண்டு ஆண்டுகள் டேட்டனுக்கு எட்டு மைல் தூரத்தில், மாடு மேயும் ஹப்மன் புல்வெளியில் சோதனைகள் நடந்தன. சகோதரர்கள் பறந்தார்கள். சார்லி எஞ்சினைத் துடைத்தார், எண்ணெய் விட்டார், சங்கிலியை இழுத்துப் பார்த்தார், அறுந்த கம்பியை மாற்றினார், விமானம் தரையில் மோதினால் துண்டுகளைப் பொறுக்கி வந்து மறுபடி பொருத்தினார். 1905 அக்டோபர் 5-ந்தேதி வில்பர் 39 நிமிஷ நேரம் தரையிறங்காமல் 24 மைல் பறந்தார். எஞ்சின் நிற்கவில்லை.

தானும் பறக்கக் கற்க வேண்டும் என்று சார்லிக்கு ஆசை. சகோதரர்கள் அதற்கு ஊக்கம் தரவில்லை. பறக்க ஆள் கிடைப்பார்கள்; சார்லியைப் போன்ற மெக்கானிக் கிடைக்கமாட்டார் என்பது அவர்கள் கணக்கு.

1908 செப்டம்பரில் வாஷிங்டனுக்கு அருகே போர்ட் மையர் ராணுவ மைதானத்தில் ஆர்வில் விமானத்தைப் பறந்து காட்டினார். அங்கே மெக்கானிக் வேலைக்கு இருவர் இருந்தார்கள்: சார்லி டெய்லரும் சார்லஸ் பர்னாஸும். செப்டம்பர் 17-ந்தேதி லெப்டினென்ட் தாமஸ் செல்ப்ரிட்ஜ் என்ற ராணுவ அதிகாரி ஆர்விலுடன் ஏறினார். பறக்கும்போது விசிறியின் இதழ் ஒன்று பிளந்தது. அது சுக்கானைப் பிடித்திருந்த கம்பியைத் தாக்கியது. விமானம் தலைகீழாக விழுந்தது.

சார்லி ஓடினார். நொறுங்கிய விமானத்துக்கு அடியிலிருந்து இருவரையும் மற்றவர்களோடு சேர்ந்து வெளியே எடுத்தார். ஆர்வில் படுகாயத்துடன் பிழைத்தார். செல்ப்ரிட்ஜ் இறந்தார். எஞ்சின் பொருத்திய விமானத்தின் விபத்தில் உலகத்தில் முதல் முதலாக உயிர் இழந்தவர் அவரே.

சார்லி கண்ணீர் விட்டு அழுதார். அழுது முடித்த பிறகு வேலை இருந்தது. உடைந்த துண்டுகளை ஒன்று விடாமல் பார்த்து, எது முதலில் முறிந்தது, எது பிறகு அறுந்தது என்று ஆராய்ந்தார். விமான விபத்தின் காரணத்தைச் சிதைவுகளில் தேடும் வேலை அங்கே தொடங்கியது. பிற்காலத்தில் அதற்கென்றே அரசாங்கங்கள் தனி இலாகா வைத்தன. அன்று அதுவும் மெக்கானிக்கின் வேலை.

ரயிலில் ஒரு பட்டறை

1911-ல் கால்பிரெய்த் ரோட்ஜர்ஸ் என்ற விமானி அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பறக்கப் புறப்பட்டார். முப்பது நாளுக்குள் கடந்தால் 50,000 டாலர் பரிசு. வின் பிஸ் என்ற திராட்சைப் பானத்தின் பெயர் விமானத்தின் மேல் எழுதியிருந்தது; செலவு அந்தப் பானம் தயாரித்த கம்பெனியுடையது.

விமானி தனியாகப் பறந்தார். ஆனால் அவர் தனியாக இல்லை. தரையில் மூன்று பெட்டிகள் கொண்ட ஸ்பெஷல் ரயில் தொடர்ந்து ஓடியது. ஒரு பெட்டி முழுக்கப் பட்டறை. மாற்று இறக்கை, மாற்று எஞ்சின், மரம், துணி, கம்பி எல்லாம் அதில். மெக்கானிக்குகளும் அதில். அவர்களுக்குத் தலைவர் சார்லி டெய்லர். ரைட் கம்பெனி கொடுத்த சம்பளம் வாரம் 25 டாலர். இங்கே தினம் 10 டாலர்.

செப்டம்பர் 17-ந்தேதி நியூயார்க்கில் கிளம்பினார்கள். மறுநாள் காலையிலேயே விமானம் மரத்தில் மோதிக் கோழிக் கூண்டின் மேல் விழுந்தது. மூன்று நாளில் அதை மறுபடி கட்டினார்கள். வழியெல்லாம் இதே கதை. விழும், ரயில் நிற்கும், மெக்கானிக்குகள் இறங்குவார்கள், இரவெல்லாம் வேலை, விடிந்தால் விமானம் எழும். நவம்பர் 5-ந்தேதி கலிபோர்னியாவின் பசடீனா நகரில் ரோட்ஜர்ஸ் இறங்கியபோது 49 நாட்கள் ஆகியிருந்தன. பரிசு கிடைக்கவில்லை. நியூயார்க்கில் புறப்பட்ட விமானத்தில் மாற்றாமல் மிஞ்சியவை சுக்கானும் இன்னும் சில உறுப்புகளுமே.

கரை கடந்தது விமானியின் தைரியம் மட்டுமல்ல, தரையில் வந்த ரயிலும்தான் என்று அந்தப் பிரயாணம் காட்டிவிட்டது. ஒற்றை மெக்கானிக் காலம் முடிந்து, மெக்கானிக் குழுவின் காலம் வந்தது.

இரண்டு கை பல கை ஆயிற்று

கலிபோர்னியாவில் மனைவி நோயுற்றதால் சார்லி சில காலம் அங்கேயே தங்கினார். டேட்டனில் 1912 மே 30-ந்தேதி வில்பர் டைபாய்டு ஜுரத்தில் காலமானார். 1915-ல் ஆர்வில் கம்பெனியை விற்றுவிட்டார்.

அதற்குள் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்டது. விமானங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. பிரிட்டிஷ் விமானப் படையில் ஒவ்வொரு விமானத்துக்கும் இரண்டு தொழிலாளிகளை நியமித்தார்கள். ஒருவர் எஞ்சினுக்கு, மற்றவர் மரம், துணி, கம்பி ஆகியவற்றுக்கு. டேட்டன் சைக்கிள் கடையில் மூவர் தங்களுக்குள் வகுத்துக்கொண்டது இப்போது ராணுவ ஒழுங்காயிற்று.

1926-ல் அமெரிக்க அரசாங்கம் விமானப் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்தது. மெக்கானிக்குகளுக்கும் லைசென்சு வந்தது. அதிலும் விமான உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று என்று இரண்டு வகை.

சார்லி டெய்லரோ 1928-ல் கலிபோர்னியாவுக்குக் குடிபோனார். சொந்தப் பட்டறை வைத்தார். பொருளாதார மந்தத்தில் அது போயிற்று. நிலத்தில் பணம் போட்டார், அதுவும் போயிற்று. 1930-ல் மனைவியும் போய்விட்டாள். வயிற்றுப் பிழைப்புக்காக ஒரு விமானத் தொழிற்சாலையில் மணிக்கு 37 சென்ட் கூலிக்குச் சேர்ந்தார்.

முழு எஞ்சினைத் தனியாகச் செய்தவர், ஆயிரம் பேர் நடுவில் ஒரு சிறு வேலைக்காரர் ஆனார். பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியாது. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மோட்டார் உற்பத்தியாளர் ஹென்றி போர்டு, ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையைப் பெயர்த்து வந்து தமது காட்சிக் கிராமத்தில் நிறுவ விரும்பினார். எந்த மேசை எங்கே இருந்தது என்று சொல்லக்கூடியவர் சார்லி. தேடிப் பிடித்து 1937-ல் அழைத்து வந்தார்கள். கடை பழையபடி எழும்பியது. முதல் எஞ்சினைப் போலவே ஓர் எஞ்சினையும் சார்லி செய்து கொடுத்தார். 1938 ஏப்ரல் 16-ந்தேதி, வில்பரின் பிறந்த நாளன்று, கடை திறந்துவைக்கப்பட்டது.

1941-ல் கலிபோர்னியாவுக்குத் திரும்பி யுத்த காலத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 73. அந்த யுத்தத்தில் அமெரிக்க விமானப் படை பராமரிப்பை நான்கு படிகளாக வகுத்திருந்தது. விமானத்தில் செல்பவர்களே பார்க்கும் சிறு வேலை முதல் படி. தரைக் குழுவின் வேலை இரண்டாவது. நடமாடும் பட்டறையின் வேலை மூன்றாவது. முழுவதும் பிரித்துப் பூட்டும் பெரிய பணிமனை நான்காவது. நாலும் ஹப்மன் புல்வெளியில் சார்லி தனியாளாகப் பார்த்தவையே.

1945-ல் மாரடைப்பு. அதன் பிறகு வேலை செய்ய முடியவில்லை. 1948 ஜனவரி 30-ந்தேதி ஆர்வில் காலமானார். தம் உயிலில் சார்லிக்கு வருஷந்தோறும் 800 டாலர் எழுதி வைத்திருந்தார். விலைவாசி ஏற ஏற அந்தத் தொகை போதவில்லை. கடைசியில் இலவச வார்டு.

அங்கே இருந்தவரை 1955-ல் ஒரு பத்திரிகை நிருபர் கண்டுபிடித்தார். செய்தி பரவியது. விமானத் தொழிலைச் சேர்ந்தவர்கள் பணம் திரட்டி அவரை நல்ல மருத்துவ விடுதிக்கு மாற்றினார்கள். சில மாதங்களே இருந்தார். 1956 ஜனவரி 30-ந்தேதி, ஆர்வில் மறைந்து சரியாக எட்டு ஆண்டுகள் கழித்து, சார்லி டெய்லரும் மறைந்தார்.

நாற்பத்தேழு திருகாணிகள்

அவர் விட்டுச் சென்ற வேலை இன்று நூறு கிளையாக விரிந்திருக்கிறது. விமானம் நிலையத்தில் நிற்கும் சிறிது நேரத்தில் டயரையும் எண்ணெயையும் பார்த்து, விமானி எழுதிவைத்த குறைகளைத் தீர்ப்பவர்கள் ஒரு குழு. விமானத்தைக் கொட்டகைக்குள் கொண்டுபோய், பலகைகளைக் கழற்றி, நாள் கணக்கில் சோதிப்பவர்கள் மற்றொரு குழு. எஞ்சின் கழன்று தனிப் பணிமனைக்குப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒலி அலை கொண்டும் எக்ஸ்ரே கொண்டும் தேட நிபுணர்கள் இருக்கிறார்கள். இந்தியா உட்படப் பல நாடுகளில் எஞ்சினுக்கும் உடலுக்கும் ஒரு லைசென்சு, மின்னணுக் கருவிகளுக்கு வேறொரு லைசென்சு. ஒரு துறைக்காரர் மற்றொரு துறையின் வேலைக்குக் கையெழுத்துப் போட முடியாது.

பிரிவினையால் திறமை வளர்ந்தது. ஆனால் ஆபத்து ஒன்றும் கூட வந்தது. வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில் அது ஒளிந்திருக்கிறது.

1991 செப்டம்பர் 11-ந்தேதி டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு பிரயாணி விமானம் விழுந்து 14 பேர் மாண்டார்கள். முந்தின இரவு பராமரிப்பு நடந்தது. மாலை ஷிப்டு ஆட்கள் வால் இறக்கையின் இடப்பக்கத்து மேல் பாகத்தில் 47 திருகாணிகளைக் கழற்றியிருந்தார்கள். வேலை முடியவில்லை. ஷிப்டு மாறியது. கழற்றிய விஷயம் இரவு ஷிப்டுக்குச் சரிவரச் சொல்லப்படவில்லை. திருகாணிகள் மாட்டப்படாமலே விமானம் மறுநாள் பறந்தது. வால் இறக்கையின் முன் விளிம்பு காற்றில் பிய்ந்தது.

சார்லி டெய்லருக்கு இந்த ஆபத்து இல்லை. கழற்றியவரும் அவர், மாட்டியவரும் அவர். எல்லாம் ஒரே தலைக்குள் இருந்தன. வேலையைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் அந்த ஒரே தலைக்குப் பதிலாகக் காகிதம் வேண்டும், கையெழுத்து வேண்டும், வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் வேண்டும். விமானத்தைத் திருப்பும் உறுப்புகளில் ஒருவர் வேலை செய்தால் வேறொருவர் தனியாக வந்து சோதிக்க வேண்டும் என்ற விதி அதனால்தான். கருவிப் பலகையில் ஒரு ஸ்பானரின் இடம் காலியாக இருந்தால் அது கிடைக்கும்வரை விமானத்தை விடக்கூடாது என்பதும் அதனால்தான்.

வேலையைப் பங்கு போடலாம். பொறுப்பைப் பங்கு போட்டுக் குறைத்துக்கொள்ள முடியாது.

மே மாதம் 24-ந்தேதி

கலிபோர்னியாவில் பர்பாங்க் விமான நிலையத்தை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. விமானத் துறை முன்னோடிகளுக்கென்று அர்ப்பணித்த அங்குள்ள மண்டபத்தில் சார்லி டெய்லர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகள் இந்தத் தொழிலில் உழைத்தவர்களுக்கு அரசாங்க விமானத் துறை வழங்கும் விருது அவர் பெயரால் விளங்குகிறது. அவர் பிறந்த மே 24-ந்தேதி விமான மெக்கானிக்குகளின் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

பக்கத்து நிலையத்தில் ஒரு விமானத்தின் பராமரிப்பு வேலை முடிந்ததும் யாரோ ஒரு மெக்கானிக் அதைச் சுற்றி வந்து பார்க்கிறார். பிறகு கையெழுத்துப் போடுகிறார். பிரயாணிகள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. விமானம் மேலே ஏறுகிறது. அவர் தரையில் நிற்கிறார், 1903 டிசம்பரில் டேட்டன் கடையில் நின்ற சார்லியைப் போல.